சிறு டிராக்டருக்குப் பேலட் ஃபோர்க்: வாங்குமுன் ஒரு கணக்கு



தேஹு ரோடு, தளேகாவ், சாக்கண் வட்டாரத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்போ, பிள்ளைகள் தலையெடுத்த பின்போ, சிறு தொழில்களில் இறங்கியிருக்கின்றன. சிமெண்ட் பிளாக் அடிக்கும் களம், நாற்றுப் பண்ணை, பேக்கிங் பெட்டி செய்யும் பட்டறை, சிறு குடோன் எனப் பல வகை. முன்பு நாலு ஹமால்கள் தோளில் சுமந்து இறக்கிய சரக்கு இப்போது மரப் பேலட்டின் மேல் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. அதை எடுக்க ஃபோர்க்லிஃப்ட் வாங்கப் பணம் போதாது. வீட்டில் ஒரு சின்ன டிராக்டர் இருக்கிறது. "அதன் முன்னால் லோடர் போட்டு, பக்கெட்டைக் கழற்றிவிட்டு ஃபோர்க் மாட்டினால் போதாதா சார்?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகி வருகிறார்கள்.

போதும், ஆனால் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். கணக்கில்லாமல் வாங்கினால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. பக்கத்தில் நின்று கைகொடுக்கும் ஆளின் காலோ உயிரோ அதில் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் டிராக்டர்?

ஃபோர்க்லிஃப்டின் சக்கரங்கள் சிறியவை; வண்டியோ அதிக எடை கொண்டது. சிமெண்ட் தரையில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கத்து மழையில், கரிசல் மண் முற்றத்தில் அது இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். பெரிய டயர் கொண்ட டிராக்டர் அங்கே தாக்குப்பிடிக்கும். நாசிக், சாங்லி திராட்சைத் தோட்டங்களில் கொடி வரிசைகளுக்கு நடுவே ஓடும் சிறு டிராக்டர்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். முப்பது குதிரைசக்திக்கு உட்பட்ட அந்த ரகத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடோன் தரை முழுக்க சிமெண்ட் என்றால், சரக்கை டெம்போவில் ஏற்றும் வேலையும் இல்லை என்றால், டிராக்டரும் வேண்டாம், ஃபோர்க்கும் வேண்டாம். கையால் இழுக்கும் பேலட் டிரக் ஒன்று போதும். அதில் சாதாரண ரகமே 2,500 கிலோ தாங்கும்; விலையும் வெகு குறைவு.

காகிதத்து எடை வேறு, தூக்கும் எடை வேறு

ரயில்வேயில் தடம் புரண்ட வண்டிகளைத் தூக்க 140 டன் கிரேன்கள் உண்டு. பெயர்தான் 140 டன். கிரேனின் கை வெளியே நீள நீள, அது தூக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு டன் என்ற அட்டவணையைப் பார்க்காமல் எந்த ஆபரேட்டரும் கொக்கியை மாட்ட மாட்டார். லோடரும் ஒரு சிறு கிரேன்தான். ஆனால் அதை வாங்குபவர்கள் அட்டவணையைக் கேட்பதில்லை. விளம்பரத் தாளில் அச்சிட்ட ஒரே எண்ணை நம்பிவிடுகிறார்கள்.

அந்த எண் பெரும்பாலும் லோடர் கையின் நுனியில், பக்கெட் மாட்டும் பின் இருக்கும் இடத்தில் அளந்தது. ஃபோர்க்கில் வைக்கும் சரக்கோ அந்தப் பின்னுக்கு வெகு முன்னே உட்காருகிறது. போதாக்குறைக்கு ஃபோர்க்கும் அதன் சட்டமும் தமக்கென ஓர் எடை கொண்டவை.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். பின் இருக்குமிடத்தில் 500 கிலோ தூக்கும் லோடர் என்று வைத்துக்கொள்வோம். கையின் அடி மூட்டிலிருந்து பின் வரை 1,800 மில்லிமீட்டர். கை கிடைமட்டமாக இருக்கும்போது அதன் திருப்புத்திறன் 500 × 1,800 = 9,00,000. ஃபோர்க்கும் சட்டமும் சேர்ந்து 90 கிலோ. அவற்றின் எடை மையம் அடி மூட்டிலிருந்து 2,100 மில்லிமீட்டரில் இருந்தால் 1,89,000 அதற்கே போய்விடுகிறது. மீதி 7,11,000. இனி சரக்கு. பின்னிலிருந்து ஃபோர்க்கின் நிமிர்ந்த முகம் 150 மில்லிமீட்டர் முன்னே இருக்கிறது. 1,200 மில்லிமீட்டர் நீளப் பேலட்டின் நடு மையம் அதற்கும் 600 முன்னே. மொத்தத் தூரம் 1,800 + 150 + 600 = 2,550. மீதித் திறனை இதால் வகுத்தால் கிடைப்பது சுமார் 279 கிலோ.

500 கிலோ என்று வாங்கிய லோடர் உண்மையில் தூக்குவது 279 கிலோ! பேலட்டின் சொந்த எடையை 20 கிலோ என்று கழித்தால், 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஐந்துதான் வைக்கலாம். பத்து மூட்டை என்று மனக்கணக்குப் போட்டவர் கதி என்ன ஆகும்? திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் வரும் மயிலிறகு வண்டி உவமையைப் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த எடை எந்த இடத்தில் அளந்தது? முழு உயரத்துக்குத் தூக்கும்போதா, தரையிலிருந்து பெயர்க்கும்போதா? ஃபோர்க் மற்றும் சட்டத்தின் எடை என்ன? தரையிலிருந்து பெயர்க்கும் விசை எப்போதும் பெரிய எண்ணாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பின்பாரம் அவசியம்

நம் ஊர்க் கிணற்றில் ஏற்றத் துலாவின் பின்முனையில் கல் கட்டுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இங்கும் அதே தத்துவம்தான். முன்னே பாரம் ஏறும்போது முன் அச்சு ஆதாரப் புள்ளியாகி, பின் சக்கரங்கள் லேசாகின்றன. இரு சக்கர இழுவை டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. சரிவில் பாரத்தோடு இறங்கும்போது பின் சக்கரம் தரையை அழுத்தாவிட்டால், பிரேக் மிதித்தும் பயனில்லை. நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டரில், அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் முன் சக்கரங்களும் பிடித்துக்கொள்ளும். லோடர் வேலைக்கு அந்த ரகமே மேல்.

பின்னால் மும்முனை இணைப்பில் கான்கிரீட் நிரப்பிய பெட்டி ஒன்றை மாட்டுவது நல்ல வழி. எவ்வளவு எடை என்பதை டிராக்டர் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முன் அச்சின் தாங்கு அளவும் அதிலேயே இருக்கும். லோடர், ஃபோர்க், சரக்கு எல்லாம் சேர்ந்து அந்த அளவைத் தாண்டக் கூடாது.

ஃபோர்க்கின் இரும்பு

ஃபோர்க் என்பது ஆங்கில எழுத்து எல் வடிவக் கம்பி. அதன் வளைவில்தான் எல்லா அழுத்தமும் குவிகிறது. நல்ல ஃபோர்க், உலோகக் கலவை எஃகைக் காய்ச்சி வளைத்து, பதம் ஏற்றிச் செய்தது. நெடுஞ்சாலை ஓரப் பட்டறை ஒன்றில் சேனல் இரும்பை வெட்டி, மூலையில் வெல்டிங் வைத்துச் செய்த ஃபோர்க்கை நான் பார்த்தேன். ஒரு நாள் அந்த வெல்டிங் விட்டது. பிளாக் கட்டு மொத்தமும் தரையில். உதவியாள் டீ குடிக்கப் போயிருந்ததால் தப்பினார்.

பழைய ஃபோர்க் வாங்குவதில் தவறில்லை, அளந்து வாங்கினால். ஐ.எஸ்.ஓ. 5057 என்ற சர்வதேச விதி இதற்கு நல்ல வழிகாட்டி. வளைவுப் பகுதியில் கனம் பத்து சதவீதம் தேய்ந்திருந்தால் கழித்துவிட வேண்டும். 40 மில்லிமீட்டர் 36 ஆவது சிறிய தேய்மானம் போலத் தோன்றும். ஆனால் வளையும் வலிமை கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.9 × 0.9 = 0.81. ஐந்தில் ஒரு பங்கு வலிமை போய்விட்டது என்று பொருள். இரு முனைகளின் உயர வித்தியாசம் ஃபோர்க் நீளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1,070 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் அது 32 மில்லிமீட்டர். வளைவின் கோணம் 3 டிகிரிக்கு மேல் விரிந்திருக்கக் கூடாது. வளைவில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். அதன் மேல் வெல்டிங் வைத்தால் எஃகின் பதம் கெட்டு, பலவீனம் மறைந்துகொள்ளும், நீங்காது. வருடம் ஒரு முறையாவது இந்தச் சோதனைகளைச் செய்வது நலம்.

நீளம், சட்டம், இணைப்பு

1,000 அல்லது 1,200 மில்லிமீட்டர் பேலட்டுக்கு 1,070 மில்லிமீட்டர், அதாவது 42 அங்குல ஃபோர்க் போதும். நீளம் கூடினால் பின்னால் இருக்கும் பேலட்டைக் குத்தும், எடையும் கூடும். இரண்டு ஃபோர்க்குகளும் சட்டத்தில் நகர்ந்து, பூட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

சட்டத்துக்கு மேல் முதுகுத் தடுப்பு இல்லாமல் வாங்கவே வேண்டாம். சாதாரண லோடரில் கை உயர உயர ஃபோர்க்கின் முனை பின்பக்கம் நிமிரும். ஓட்டுபவர் அதைச் சரிசெய்ய மறந்தால் சரக்கு சரிந்து அவர் மடியிலேயே விழும். முனை மட்டமாகவே நிற்கும்படி இணைகரம் வைத்த லோடர் கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அதையே எடுங்கள்.

மாட்டும் முறையில் பின் போட்டு மாட்டுவது, விரைவு இணைப்பு என இரு வகை உண்டு. விரைவு இணைப்பிலும் பல அளவுகள் இருப்பதால் ஒரு கம்பெனி ஃபோர்க் மற்றொன்றின் லோடரில் உட்காராது. பணம் கொடுக்குமுன் டிராக்டரைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

பின்னால் மாட்டும் ஃபோர்க்

பேலட்டை முற்றத்தில் இடம் மாற்றுவது மட்டுமே வேலையானால், மும்முனை இணைப்பில் பின்னால் மாட்டும் ஃபோர்க் சிக்கனமானது. வலுவான பின் அச்சின் மேல் பாரம் விழும். ஆனால் அதிக உயரம் தூக்காது. டெம்போவில் ஏற்ற முடியாது. டிராக்டரின் தூக்கு எடை பொதுவாக இணைப்பு முனைக்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்து சொல்லப்படுவது. பேலட்டின் மையம் அதற்கும் அப்பால் போனால் எடையைக் குறையுங்கள். பாரம் மிஞ்சினால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் கேட்காது.

ஓட்டும்போது

பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தே நகருங்கள். உயரத் தூக்கியபடி திரும்பாதீர்கள். தூக்கிய ஃபோர்க்கின் அடியில் யாரும் போகக் கூடாது. பேலட் மேல் ஆளை ஏற்றித் தூக்குவது, பெட்டியை ஒருவர் கையால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் ஓட்டுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். சாலையில் போகும்போது ஃபோர்க்கைக் கழற்றிவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அந்த முனை கடைசி நொடி வரை தெரியாது.

ஊரில் தோட்டம் வைத்திருக்கும் அன்பர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கோயம்புத்தூரில் புல் மெஷின்ஸ் போன்ற நிறுவனங்கள் டிராக்டரில் பொருத்தும் லோடர்களைச் செய்கின்றன. விடுமுறைக்குப் போகும்போது நேரில் பார்த்து, மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் தமிழிலேயே கேட்டு வரலாம்.

தூக்க வேண்டிய சரக்கின் எடையையும் நீளத்தையும் முதலில் எழுதுங்கள். அதிலிருந்து ஃபோர்க், ஃபோர்க்கிலிருந்து லோடர், லோடரிலிருந்து டிராக்டர் என்று பின்னோக்கி வாருங்கள். கையிலுள்ள டிராக்டர் அந்தக் கணக்கில் தேறவில்லை என்றால், ஒரு நடையை இரண்டு நடையாக்குங்கள். டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும். ஆட்கள் மாலையில் முழுசாக வீடு போய்ச் சேருவார்கள்.