மண்வெட்டிக்கு முன் மவுஸ்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் ஸ்ப்ரெட்ஷீட் தொகுப்பை யாரும் அதிகம் திறப்பதில்லை. "அது ஆபீஸ் கணக்குக்கு, நமக்கு எதற்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டைச் சுற்றி நாலடி மண் இருந்தால் அது உங்களுக்கும் தேவை. எக்செல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசமாகவே கிடைக்கிறது.

எங்கள் ஊர் சிறுவாச்சூர். பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிறது. மதுரகாளியம்மன் கோயிலுக்கு வந்தவர்களுக்கு ஊரைத் தெரிந்திருக்கும். இங்கே தோட்டம் போடுவதில் விதை பிரச்னை இல்லை, ஆள் பிரச்னை இல்லை, தண்ணீர்தான் பிரச்னை. ஏப்ரல் வந்தால் எங்கள் வீட்டு போர்வெல்லில் அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் பெரிது. இந்த நிலையில் அப்பாவுக்கு வாசலில் 200 சதுர அடிக்குப் பச்சைப் புல்தரை வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்குக் காய்கறி வேண்டும். இருவரும் நேராகப் பேசிக்கொண்டால் சண்டைதான். அதனால் கம்ப்யூட்டரை நடுவில் உட்கார வைத்தேன்.

முதலில் வரவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பெரம்பலூர் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 860 மி.மீ. எங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். பி1 செல்லில் 93, பி2 செல்லில் 860 என்று டைப் செய்யுங்கள். பி3 செல்லில் =பி1*பி2*0.8 என்று அடித்து என்டர் தட்டுங்கள் (பி என்பதை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). தரை உறிஞ்சுவது, ஆவியாவது, முதல் மழையில் அழுக்கோடு வெளியே விடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த 0.8. விடை 63,984 லிட்டர்!

பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. எங்கள் தரைத்தொட்டியின் கொள்ளளவோ 10,000 லிட்டர்தான். மிச்சம் போர்வெல் பக்கத்துக் குழியில் இறங்கிவிடும். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது தோண்டிய குழி அது. ஆக, மார்ச் முதல் தேதி தொட்டி நிறைந்திருந்தால் ஜூன் முதல் வாரம் வரை, அதாவது 100 நாளைக்கு, நாளொன்றுக்கு 100 லிட்டர். தோட்டத்துக்கு உள்ள சம்பளம் அவ்வளவுதான்.

அடுத்தது செலவு. கோடையில் புல்தரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மி.மீ. தண்ணீர் கேட்கும். 200 சதுர அடி என்பது 18.6 சதுர மீட்டர். ஐந்தால் பெருக்கினால் 93 லிட்டர். காய்கறிக்கு 25 வளர்ப்புப் பைகள், பைக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 37.5 லிட்டர். கூட்டினால் 130.5. முருங்கை, கறிவேப்பிலை, வாழைக்குப் பாத்திரம் கழுவும் தண்ணீர் போய்விடுவதால் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கேதான் ஸ்ப்ரெட்ஷீட்டின் அருமை தெரிகிறது. ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறிவிடும். அப்பா மவுஸை வாங்கி, 200 இருந்த இடத்தில் 100 என்று தானே டைப் செய்தார். மொத்தம் 84 லிட்டர்! "பார்த்தியா, அடங்கிடுச்சு" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரிதான்.

அம்மாவுக்கு லிட்டர் கணக்கு பிடிபடவில்லை. "குடத்துல சொல்லுப்பா" என்றார். எங்கள் வீட்டுக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். பக்கத்தில் இன்னொரு நெட்டு வரிசை சேர்த்து, எல்லாவற்றையும் 15-ஆல் வகுத்தேன். பாதிப் புல்தரைக்கே தினமும் மூன்று குடம். கரண்ட் இல்லாத நாளில் தொட்டியிலிருந்து இறைத்துத் தூக்குவது, முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாதான். அப்பா சிறிது நேரம் திரையையே பார்த்துவிட்டு, 100-ஐ அழித்து பூஜ்யம் போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி படம் வரையும் வேலை. அதே தொகுப்பில் புதிய ஷீட்டை எடுத்து, செல்களைச் சதுரமாக்குங்கள். கால்க்கில் நெட்டு வரிசையின் அகலத்தையும் படுக்கை வரிசையின் உயரத்தையும் ஒரே சென்டிமீட்டர் அளவில் கொடுத்தால் போதும். எக்செல்லில் அகலம் எழுத்துக் கணக்கிலும் உயரம் பாயிண்ட் கணக்கிலும் இருப்பதால் குழப்பும். ஓரக் கோட்டை மவுஸால் இழுக்கும்போது தெரியும் பிக்சல் எண்ணை இரண்டிலும் சமமாக்குங்கள். ஒரு கட்டம் ஓர் அடி. வீடு, கிணறு, வேப்பமரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் நிரப்புங்கள்.

எங்கே நிழல் விழும்? ஸ்டெல்லேரியம் என்ற இலவச வானியல் சாஃப்ட்வேரை நிறுவுங்கள். எஃப்6 அழுத்தி ஊரையும், எஃப்5 அழுத்தி தேதி, நேரத்தையும் கொடுத்தால் சூரியன் நிற்கும் இடம் தெரியும். சிறுவாச்சூர் ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நம் நண்பகல் சூரியன் சற்று வடக்கே நிற்கும். 'வடக்குச் சுவரோரம் எப்போதும் நிழல்' என்று நம்பிப் புதினா வைத்தால் மே மாதம் கருகிவிடும். நாங்கள் கிழக்கே வைத்திருக்கிறோம். அங்கே காலை வெயில் உண்டு, மதியத்துக்கு மேல் வீட்டின் நிழல்.

விதைக்கு அதிகம் அலைய வேண்டாம். 2021-ல் தமிழகத் தோட்டக்கலைத் துறை நகரங்களுக்கு மாடித் தோட்டத் தளையும், ஊரகப் பகுதிகளுக்கு 12 வகைக் காய்கறி விதைத் தளையும் மானிய விலையில் கொடுத்தது. இணையத்திலேயே பதிவு செய்யவும் வழி செய்திருந்தார்கள். இப்போது என்ன கிடைக்கிறது என்று துறையின் இணையதளத்திலோ வட்டார அலுவலகத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். தென்னை நார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு முறை அலசிவிட்டுப் பையில் போடுங்கள். உப்பு போய்விடும்.

புல்தரைக்கென்று வைத்திருந்த இடத்தில், வேப்பமரத்தின் நிழல் விழும் பகுதியில் மட்டும் ஜல்லி பரப்பி ஒரு கல் பெஞ்சு போட்டிருக்கிறோம். கல்குவாரிகள் உள்ள மாவட்டம் என்பதால் கல்லுக்குப் பஞ்சமில்லை. வெயிலில் ஜல்லி பரப்பாதீர்கள், அடுப்பு போலக் கொதிக்கும். (தண்ணீரே கேட்காத மரம் வேண்டும் என்றால் எங்கள் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒன்று இருக்கிறது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த, 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம்!)

ஒர்க்‌ஷீட்டின் பிரிண்ட் அவுட்டை மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். பைகளின் மேல் காய்ந்த இலை மூடாக்கு போட்ட பிறகு, காய்கறிக்கு எதிரே இருந்த 2.5 குடத்தை அம்மா பென்சிலால் அடித்துவிட்டு, '2 போதும்' என்று எழுதியிருந்தார். கம்ப்யூட்டரிலும் அதை மாற்றிவிட்டேன்.