பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு யார் துணை?

பெற்றோரை இழந்தோ, வறுமையாலோ வன்முறையாலோ குடும்பத்தோடு வாழ இயலாமல் போன குழந்தைகள், குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி குழந்தைகள் இல்லங்களில் சேர்க்கப்பட்டு அங்கேயே உண்டு, உறங்கி, படித்து வளர்கிறார்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் சட்டத்தின் பார்வையில் குழந்தை அல்லர் என்பதால், அந்த வயதை எட்டியதும் அவர்கள் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டியவர்களாகிறார்கள். குடும்பத்தில் வளர்பவருக்குக் கல்லூரிப் படிப்போ வேலை தேடலோ தொடங்கும் அதே வயதில், இவர்களுக்குத் தங்குமிடமும் உணவும் வழிகாட்டும் ஆளும் ஒருசேர இல்லாமற்போகும் நிலை ஏற்படுகிறது. இந்த இடைவெளியைக் கடக்கச் சட்டம் வகுத்துள்ள ஏற்பாடே 'பிற்காப்பு' ஆகும்.

சட்டம் சொல்வது என்ன?

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, இல்லத்தில் வளர்ந்து பதினெட்டு வயது நிறைந்து, இருபத்தொரு வயது நிறையாதவர்களுக்கு அளிக்கப்படும் நிதி உதவியையும் பிற உதவிகளையும் பிற்காப்பு என வரையறுக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள், சிறப்புச் சூழல்களில் இதை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்க இடமளிப்பதோடு, ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழுக் குடியிருப்பு, தொழிற்பயிற்சிக் கால உதவித்தொகை, உயர்கல்வி உதவி, தொடர்ந்து தொடர்பில் இருக்கும் ஆலோசகர், சுயதொழில் தொடங்கக் கடன் ஆகியவற்றையும் பட்டியலிடுகின்றன. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம் பிற்காப்பில் உள்ள ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய் வீதம் நிதி வழங்க வகை செய்கிறது.

ஆயினும் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு நிதி உதவி 'வழங்கப்படலாம்' என்றுதான் கூறுகிறதே தவிர, 'வழங்கப்பட வேண்டும்' என்று கூறவில்லை. இந்த ஒரு சொல்லால், உரிமையாக இருக்க வேண்டிய உதவி, அலுவலர்களின் அக்கறையையும் நிதி ஒதுக்கீட்டையும் பொறுத்ததாக நின்றுவிடுகிறது.

பணத்தால் மட்டும் தீராதவை

இல்ல வாழ்க்கை மணியடித்து இயங்குவது. பலருக்குமான சோறு ஒரே அண்டாவில் வடிக்கப்பட்டு, குறித்த நேரத்தில் தட்டுக்கு வந்துசேரும் சூழலில் வளர்ந்தவருக்கு, ஓர் ஆளுக்கு எத்தனை ஆழாக்கு அரிசி போட வேண்டும், ஒரு மாதச் சம்பளத்தை முப்பது நாள்களுக்கு எவ்வாறு பங்கிட வேண்டும் என்பவற்றைப் பழகும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. வாடகைக்கு அறை கேட்டுச் செல்லுமிடத்தில், சொந்த ஊர் எது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்விகள் எழுகின்றன; பல மாத வாடகைக்கு ஈடான முன்பணமும், பொறுப்பேற்க ஒரு பெரியவரும் தேவைப்படுகின்றன.

சான்றிதழ்களின் நிலையும் இத்தகையதே. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பேணுவதற்கு வேறு எவருமின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லங்களிலோ பள்ளிகளிலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகளைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்துள்ளது. எனினும் அதற்கான சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றை இல்லத்தில் இருக்கும்போதே பெற்றுத் தராவிட்டால், வெளியேறியபின் ஒவ்வோர் அலுவலகமாக அலைவதற்கு உடன்வர அவர்களுக்கு ஆள் இல்லை.

மாற்றத்துக்கான வழி

கொரோனாவால் பெற்றோரை இழந்தோருக்காக 2021-இல் அறிவிக்கப்பட்ட பிஎம் கேர்ஸ் குழந்தைகள் திட்டம், பதினெட்டு வயது முதல் மாத உதவித்தொகையும் இருபத்து மூன்று வயதில் 10 லட்சம் ரூபாயும் வழங்குகிறது. இங்கிலாந்தில் அரசுப் பராமரிப்பிலிருந்து வெளியேறுவோர் விரும்பினால் இருபத்தைந்து வயது வரை தனி ஆலோசகரின் துணையைப் பெற முடிகிறது. பதினெட்டு வயதோடு பொறுப்பு முடிவதில்லை என்பதை இவ்விரு ஏற்பாடுகளும் ஏற்றுக்கொண்டுள்ளன. அந்த ஏற்பு, காரணம் எதுவாயினும் இல்லத்தில் வளர நேர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக வேண்டும்.

அதற்குப் பிற்காப்பு நிதியைச் சட்டபூர்வ உரிமையாக்குவதும், வெளியேறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே சமையல், வரவு செலவு, சான்றிதழ், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கான ஆயத்தத்தைத் தொடங்குவதும், வெளியேறியபின் தொலைபேசியில் அழைத்தால் பதில் சொல்லும் ஓர் அலுவலரை ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக்குவதும் அரசின் கடமையாகும். வேலை தருவோரும் வீட்டு உரிமையாளர்களும் பெற்றோரைப் பற்றிய கேள்வியைத் தகுதிக்கான அளவுகோலாக்காமல், இந்த இளைஞர்களின் உழைப்பையும் நடத்தையையும் பார்த்து முடிவு செய்ய முன்வர வேண்டும்.