வீட்டு ஜமக்காளம்: துவைப்பதும் காப்பதும்



விரிப்பு இல்லாமல் நம் வீடுகளில் ஒரு நாளும் கழியாது. தொழுவதற்கு முஸல்லா, விருந்தாளி வந்தால் ஜமக்காளம், படுக்கக் கோரைப்பாய், வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த கம்பளம் என்று எந்த வீட்டிலும் நாலைந்து இருக்கும். இவற்றில் கையால் நெய்த ஜமக்காளம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். ஆனால் பல வீடுகளில் இரண்டு மூன்று வருடத்திலேயே சாயம் போய், ஓரம் பிய்ந்து, பூஞ்சை வாடை அடித்து மூலைக்குப் போய்விடுகிறது. அப்புறம் பிளாஸ்டிக் பாய் வாங்குகிறோம். விரித்து உட்கார்ந்து தேய்ந்துபோன ஜமக்காளத்தை நாம் அதிகம் பார்ப்பதில்லை. தவறாகத் துவைத்து, அரைகுறையாகக் காயவைத்துக் கெட்டுப்போனதைத்தான் பார்க்கிறோம். சரியான முறையை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எதிர்க்கரையில் நெய்வது

நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. அந்த ஊரின் பெயரையே தாங்கிய பவானி ஜமக்காளம் 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தடித்த பருத்தி நூலைப் பட்டை பட்டையாகச் சாயமிட்டு, பாவுநூல் வெளியே தெரியாதபடி ஊடுநூலை நெருக்கி அடித்து நெய்வார்கள். அந்த நெருக்கமே அதன் பலம். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி மத்திய அரசு 1985இல் இயற்றிய சட்டத்திலும் ஜமக்காளம் இடம்பெற்றிருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறியில் ஓட்டிய போலிகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நம் பணத்துக்கும் நல்லது, நெய்தவரின் உழைப்புக்கும் மரியாதை.

முதலில் நூலைத் தெரிந்துகொள்ளுங்கள்

என்ன நூல் என்று தெரியாமல் தண்ணீரில் போடக்கூடாது. குஞ்சத்திலிருந்து ஒரு சிறு இழையை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடை வந்து மிருதுவான சாம்பல் மிஞ்சினால் பருத்தி. தலைமுடி பொசுங்கும் வாடை வந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை.

பருத்தி ஜமக்காளத்தை வீட்டிலேயே துவைக்கலாம். முடிச்சுப் போட்டு நெய்த கம்பளி, பட்டுக் கம்பளங்களை நனைக்க வேண்டாம். அவற்றுக்கு அடிக்கடி தூசி எடுத்தால் போதும், துவைப்பதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். பூக்கரை போட்ட சில ஜமக்காளங்களில் செயற்கைப் பட்டு நூல், அதாவது ரேயான், கலந்திருக்கும். ரேயான் நனைந்தால் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். அந்தக் கரையைப் பிழியவோ பிரஷ் போடவோ கூடாது.

கோரைப்பாயை ஊறவைக்கவே கூடாது. நன்றாகப் பிழிந்த துணியால் கோரையின் நீளவாக்கில் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். கடும் வெயிலில் கிடந்தால் கோரை வறண்டு ஒடியும்.

மண்தான் முதல் எதிரி

நம் சமவெளியில் கோடை முழுவதும் புழுதி. ஜமக்காளத்தில் இறங்கிய மண் துகள்கள், நாம் மேலே நடக்கும்போது அரம் போல நூலை அறுக்கின்றன. எனவே வாரம் ஒரு முறையாவது வெளியே கொண்டுபோய் இருவர் பிடித்து உதறுங்கள். மாதம் ஒரு முறை கொடியில் போட்டு, பின்பக்கத்தைப் பிரம்பால் லேசாகத் தட்டுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அந்த நேரத்தில் அவர்கள் தள்ளி இருக்கட்டும், தட்டுபவர் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும். ஜமக்காளத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாதம் ஒரு முறை புரட்டியும் திருப்பியும் போட்டால் தேய்மானம் ஒரே இடத்தில் சேராது. இதை ஒழுங்காகச் செய்தால் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை துவைத்தால் போதும்.

துவைக்கும் முறை

முதலில் சாயச் சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்த ஜமக்காளத்தை ஊறவைக்காதீர்கள், ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். பருத்தியில் ஓடும் சாயத்தை அவை பிடித்து நிறுத்துவதில்லை.

சாயம் ஒட்டவில்லை என்றால், நன்றாக உதறிய ஜமக்காளத்தைக் கழுவிய மொட்டைமாடியிலோ சிமெண்டுத் தரையிலோ விரித்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். நம் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. அதில் துணி சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதிலாக வெள்ளைப் படிவுதான் சேரும். அது நூலுக்குள் தங்கி ஜமக்காளத்தை மொடமொடப்பாக்கி, மேலும் அழுக்கை இழுக்கும். மிதமான சோப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். அல்லது பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிய நீரை ஊற்றுங்கள், நூலுக்கு அது மென்மையானது. மென்மையான பிரஷ்ஷால் பட்டையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் நூல் பிரியும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம்.

நுரை முழுவதும் போகும் வரை அலசுங்கள். கடைசி அலசலுக்குக் காவிரிக் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் மிக நல்லது. முறுக்கிப் பிழியக்கூடாது. சுருட்டி, மேலே ஏறி மிதித்துத் தண்ணீரை வெளியேற்றலாம்.

காயவைப்பதில்தான் பாதி வேலை

தண்ணீர் குடித்த ஜமக்காளம் மிகவும் கனமாக இருக்கும். ஒற்றைக் கொடியில் நடுவில் போட்டால் அந்தக் கனமே அதை இழுத்துக் கோணலாக்கிவிடும். முதலில் தரையில் சாய்வாக விரித்துத் தண்ணீர் வடியவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று கொடிகளின் மேலோ, துடைத்த கைப்பிடிச் சுவரின் மேலோ பரப்பிப் போடுங்கள். தினமும் வெளியே தெரியும் பக்கம் கீழே இருக்கட்டும். வெயில் சாயத்தை வெளுக்கும், ஆனால் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அதனால் காலையிலேயே துவைத்து, அன்று மாலைக்குள் காய்ந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் மடிப்பிலும் குஞ்சத்திலும் ஈரம் இருக்கும், கை வைத்துப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைக்க வேண்டாம். ரமலானுக்கு முன் வீடு முழுவதும் சுத்தம் செய்வது நம் வழக்கம். பிறைக்கணக்கில் ரமலான் வருடந்தோறும் பத்துப் பதினோரு நாள் முன்னதாக வரும். அது மழைக்காலத்தில் வரும் வருடங்களில் ஜமக்காளத்தை உதறி, வெயில் கிடைத்த நாளில் போட்டு எடுத்தால் போதும்.

கறைகள்

எந்தக் கறையானாலும் உடனே ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

தேநீர்: பச்சைத் தண்ணீர் ஊற்றி வெள்ளைத் துணியால் திரும்பத் திரும்ப ஒற்றுங்கள்.

பிரியாணி நெய், எண்ணெய், அத்தர்: மேலே மைதா மாவு தூவி சில மணி நேரம் விட்டு, துடைத்தெடுத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். விரிப்பில் அத்தர் தடவும் பழக்கத்தையே விட்டுவிடலாம், அதன் எண்ணெயில் தூசி ஒட்டும்.

மஞ்சள்: சோப்புப் பட்டவுடன் சிவந்துபோகும். பயந்து அழுத்தித் தேய்க்காதீர்கள், சோப்பின் காரத்தால் வரும் நிறமாற்றம் அது. நன்றாக அலசி வெயிலில் போட்டால் மஞ்சள் படிப்படியாக மங்கிவிடும்.

இரத்தம், பால், முட்டை: பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் கறையை நூலிலேயே உறைய வைத்துவிடும்.

குழந்தையின் சிறுநீர்: மேலாகத் துடைத்துக் காயவைத்தால் உப்பு உள்ளே தங்கி, ஈரக்காற்று வீசும்போதெல்லாம் வாடை வரும். அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுப்பதைப் பலமுறை செய்யுங்கள். தொழும் விரிப்பாக இருந்தால், சுத்தம் பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்கும்போது

மடித்தால் மடிப்பிலேயே நூல் இறும். சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பரணிலோ பலகை மேலோ வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தரையிலோ சுவரை ஒட்டியோ வைத்தால் கறையான் ஏறும். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி பருத்தியைச் சீண்டாது, ஆகவே ஜமக்காளத்துக்குப் பாச்சை உருண்டை தேவையே இல்லை. அதிலும் கைக்குழந்தை படுக்கும் விரிப்பில் அதைப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் இரத்த சிவப்பணுக்களை உடைத்து ஆபத்தை உண்டாக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விரித்துக் காற்றாட விட்டாலே பூச்சி அண்டாது.

ஓரம் பிரிந்தால் அன்றே தடித்த பருத்தி நூலால் சுற்றித் தையுங்கள். அவிழ்ந்த குஞ்சத்தை முடிச்சிடுங்கள். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அங்கிருந்துதான் முழு வரிசையும் பிரியத் தொடங்கும்.

இரவல் வாங்கியதைத் திருப்பும்போது

நிக்காஹ் வீட்டுக்கும் மையித் வீட்டுக்கும் மஹல்லாவின் பொது ஜமக்காளங்கள் போய் வருகின்றன. அவை வீட்டு விரிப்புகளைவிட வேகமாகக் கெடுவது, ஈரத்தோடும் சோற்றுப் பருக்கையோடும் சுருட்டித் திருப்புவதால்தான். சாப்பாட்டுப் பந்திக்கு அடியில் ஜமக்காளம் போடுவதைத் தவிர்த்து, அதற்கென்று வேறு விரிப்பைப் பயன்படுத்துங்கள். திருப்பித் தருமுன் உதறி, ஒரு மணி நேரமாவது வெயில் காட்டுங்கள். கறை பட்டிருந்தால் மறைத்துச் சுருட்டாமல் எங்கே, என்ன கறை என்று சொல்லிக் கொடுங்கள், உடனே கவனித்தால் போய்விடும். அடுத்த வீட்டு நிக்காஹுக்கும் அதே ஜமக்காளம்தான் போகவேண்டும்.