தலை பெரிசா, சின்னதா?

டென்னிஸ் பழகப்போற பிள்ளைக்கு மட்டை வாங்கப் போறீங்களா? விலை கூடினதுதான் நல்லதென்று கை நீளுதா? கொஞ்சம் பொறுங்க. விலைக்கு முன்னால மட்டையின் தலையை, அதாவது பின்னல் உள்ள பகுதியைப் பாருங்க.

நம்ம கல்முனை, சாய்ந்தமருது பக்கம் உதைபந்தும் கிரிக்கட்டும்தான் ராஜா, தெரியும். ஆனாலும் கேளுங்க. சென்னையைச் சேர்ந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960-லயும் அடுத்த வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அவர் விளையாடியது மர மட்டையில. அந்தக் காலத்து மட்டைகளுக்குத் தலை இன்றையதைவிட நல்லாச் சின்னது. பந்து பின்னலின் நடுவில பட்டாத்தான் ஒழுங்காப் போகும். ஓரத்தில பட்டா மட்டை கைக்குள்ளயே திரும்பிரும். கிருஷ்ணன் சமாளிச்சார். நம்ம பிள்ளை?

அதனால, புதுசாப் பழகுறவருக்கு அகலத் தலை, பாரம் குறைஞ்ச மட்டைதான் சரி. அடி கொஞ்சம் பிசகினாலும் பந்து வலையைத் தாண்டும். சின்னத் தலையும் கூடின பாரமும் கை தேறின பிறகு பார்க்கலாம்.

சின்னப் பிள்ளை என்றா நீளத்தையும் பாருங்க. நிமிர்ந்து நின்று, மட்டையைப் பிடிச்ச கையைக் கீழே தொங்கவிடச் சொல்லுங்க. மட்டையின் நுனி தரையை மெல்லத் தொட்டா அளவு சரி. நுனி தரையில இடிச்சு கை மடங்கினா, கடைக்காரரிட்டச் சின்னது கேளுங்க.