சிறிய பாடசாலைக்கு எந்த அளவுகோல்?

வட்டவளைப் பக்கத் தோட்டமொன்றில் சாதாரண தரம் எழுதிய பிள்ளை மேலே என்ன படிக்கும் என்பதைப் பெறுபேறு மட்டும் தீர்மானிப்பதில்லை. பாடசாலையின் வகையும் தீர்மானிக்கிறது.

இலங்கையில் அரச பாடசாலைகள் நான்கு வகை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் என்றால் 1சி. பதினோராம் ஆண்டோடு நிற்பவை வகை 2, ஐந்தாம் அல்லது எட்டாம் ஆண்டோடு நிற்பவை வகை 3.

வகை 2 பாடசாலைப் பிள்ளைக்கு விஞ்ஞான ஆசை வந்தால் ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ பஸ் ஏற வேண்டும். நாட்டிலேயே மழை கொட்டித் தீர்க்கும் இடங்களில் ஒன்று வட்டவளை. விடியற்காலையில் குடையோடு தோட்டத்து ரோட்டில் இறங்கி நடந்தால்தான் மெயின் ரோட்டு பஸ். கொழுந்தெடுக்கும் தாயின் சம்பளத்தில் இரண்டு வருடம் இது தாங்குமா?

பாடசாலையையே தரமுயர்த்தலாமே என்பார்கள். அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் எல்லாவற்றுக்கும் ஆசிரியர் வேண்டும். பிள்ளைகள் குறைவு என்று ஆசிரியர் வருவதில்லை. ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகள் சேர்வதில்லை. தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். பிந்தி ஓட வந்தவர்களுக்கும் அதே அளவுகோல்.

தனியாக ஒரு முழு மாற்றுப் பாடசாலை தொடங்கவும் வழியில்லை. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலைகளை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிந்து நடக்கின்றன. அந்தக் கட்டணம் லயத்தில் வாழும் குடும்பத்துக்கு எட்டாது.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், சாதாரண தரத்தில் தவறியவரும் தொழிற்பிரிவில் சேர்ந்து தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டம் வரை போகலாம். தொழிற்பயிற்சியில் தரச்சான்று பாடநெறிக்குப் பாடநெறி வழங்கப்படுகிறது. நிலையம் சிறியதாக இருந்தாலும் ஒரு நெறியை ஒழுங்காக நடத்தினால் அதற்கு அங்கீகாரம் உண்டு.

பாடசாலையை விட்டு நெறியை அளக்கும் இந்த முறையை உயர்தர விஞ்ஞானத்துக்கும் கொண்டுவரலாம். பக்கத்துப் பக்கத்துப் பாடசாலைகள் மூன்று நான்கு சேர்ந்து ஓர் ஆய்வுகூடம், ஓர் ஆசிரியர் குழு. அனுமதி அந்தக் கூட்டுக்கு. இப்படிப் பாடசாலைகளைச் சேர்க்கும் கொத்தணிப் பாடசாலை யோசனை 1981 கல்வி வெள்ளை அறிக்கையிலேயே இருந்தது. எதிர்ப்பில் அறிக்கை அடங்கிப்போனது, யோசனை கெட்டுப்போகவில்லை.

பெற்றோர் அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் பாடசாலை எந்த வகை? பக்கத்துப் பாடசாலையோடு சேர்ந்து விஞ்ஞான வகுப்பு நடத்த வலயக் கல்விப் பணிமனைக்கு எப்போது எழுதப் போகிறோம்?