கட்டுத்தரைக்கு மண் போதுமா?

புதுக் கொட்டகைக்கு முழுக்க சிமெண்ட் தரை போட்டுவிடலாமா என்கிறீர்கள். டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

மாடு படுத்து எழுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முன்னங்கால்களை மடக்கி முழங்காலில் இறங்கும். அப்புறம்தான் பின்பாகத்தைச் சாய்க்கும். எழும்போது பின்பக்கம்தான் முதலில் கிளம்பும். அந்த நேரத்தில் முன்பாரம் முழுவதும் மடங்கிய இரண்டு முழங்கால்களில் நிற்கிறது. ஒரு நாளில் 10, 12 மணி நேரம் படுத்துக் கிடக்கிற ஜீவன் அது, பலமுறை எழுந்து எழுந்து படுக்கும். வெறும் சிமெண்டில் முழங்கால் தேய்ந்து வீங்கிவிடும். வழுக்கி விழுந்த மாடு அப்புறம் படுக்கவே யோசிக்கும். நின்றுகொண்டே இருந்தால் குளம்பு கெடும், அசைபோடுவதும் குறையும்.

கொங்குப் பக்கம் கட்டுத்தரையை மண்ணாகவே விட்டது சிமெண்டுக்குக் காசில்லாததால் மட்டும் அல்ல. மண் முழங்காலுக்கு இடம் கொடுக்கும், மூத்திரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியும், சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் போகிறது. சாணியை மட்டும் அள்ளிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு மற்றதைச் சாக்கடையில் விடுகிறோம். அந்தக் காலத்தில் ஊறிய மேல்மண்ணை வெட்டி வண்டியில் காட்டுக்கு அடித்துவிட்டு, புதுமண் கொட்டித் திமிசு போட்டார்கள்.

அதற்காக மண்தரையைக் கும்பிடச் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் அது சேறாகிவிட்டால் மடிநோய் வரும், குளம்பு அழுகும். தரையைச் சுற்றுவட்டத்தைவிட உயர்த்தி, பின்பக்கமாக வாட்டம் கொடுக்காத கொட்டகையில் மண் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல்.

இன்னொன்று, நாற்றம். மூத்திரத்தில் உள்ள யூரியா சாணியோடு கலந்தால் அமோனியா கிளம்பும். நாம் நின்றபடி மோந்துபார்த்து ஒன்றுமில்லை என்போம். குனிந்து, கன்றுக்குட்டியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மோந்து பாருங்கள். கண் எரிந்தால் கூட்டுவது போதவில்லை, காற்றும் போதவில்லை.

என்னைக் கேட்டால், பால் கறக்கும் இடத்துக்கும் காடியோரத்துக்கும் சிமெண்ட், அதுவும் சொரசொரப்பாக, கோடு கீறி. படுக்கிற இடம் மண். மறக்காமல் கயிற்றையும் கவனியுங்கள். எழும்போது மாடு தலையை முன்னால் நீட்டித்தான் உந்தும். காடியை ஒட்டிக் குட்டையாகக் கட்டிவிட்டால், எந்தத் தரை போட்டும் அது தடுமாறித்தான் எழும்.