பாடசாலையா, சத்திரமா?

சென்ற மாதம் ஐயம்பேட்டையில் சங்க அங்கத்தினர்கள் கூடியிருந்தபோது, வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்தபின், வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து என்னை ஒரு கேள்வி கேட்டார். "இன்ஸ்பெக்டர் ஐயா, நம் பேரப்பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ பாடசாலையில் கிடைக்கிறது. மத்தியானம் சோறும் முட்டையும் கிடைக்கின்றன. துணி, புஸ்தகம், பை, செருப்பு எல்லாம் அங்கேயே. எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் அடுப்பு எதற்கு? இது பாடசாலையா, சத்திரமா?" என்றார். சபையில் சிலர் சிரித்தார்கள். சிலர் தலையை அசைத்தார்கள். கோயிலும் சத்திரமும் நிறைந்த காஞ்சீபுரத்திற்கு அருகில் வசிப்பவர்களுக்கு, இலவசச் சோறு இன்னதென்று பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் அன்று சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஆகையால் அதைச் சாவகாசமாக இங்கே எழுதலாமென்று எண்ணுகிறேன்.

முதலில் பெரியவரின் ஆக்ஷேபத்தை அலட்சியம் செய்யக்கூடாது. அதில் மூன்று விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. பிள்ளைக்குச் சோறிடுவது பெற்றோரின் கடமை, அதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டால் பெற்றோரின் பொறுப்பு தளர்ந்து போகும் என்பது ஒன்று. உபாத்தியாயர் அரிசி மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தால் பாடத்தை யார் நடத்துவது என்பது இரண்டாவது. உழைத்துப் பிழைக்கும் நெசவாளிக்கு இது பிச்சை வாங்குவது போன்ற ஒரு குறைவைத் தரும் என்பது மூன்றாவது. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆயினும் அவர் மனத்தில் உறுத்தியது இதுவே என்று எனக்குத் தோன்றிற்று.

இவற்றுக்கு விடை தேடுமுன், பிள்ளை பாடசாலைக்குப் போகாவிட்டால் எங்கே போகும் என்று பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் மாடு மேய்க்கப் போகலாம். நம்முடைய ஊர்களில் தறிக்குத்தான் போகும். காஞ்சீபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ள நெசவாளர் ஊர்களில் வளர்ந்தவர்கள் யாவரும் இதை அறிவார்கள். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடாவும் இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்கிறவர் உடலையும் ஒரு பக்கத்துக் கரையையும் கவனித்துக்கொண்டால், மற்றப் பக்கத்து நாடாவை எறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை வெகு காலமாகப் பிள்ளையின் கையாகவே இருந்துவந்தது. தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும் அப்படியே. சிறிய விரலுக்கு மெல்லிய இழை நன்றாக அகப்படும் என்று சொல்லிக்கொள்வோம். பெரியவருக்குக் கொடுக்கும் கூலியைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை மாத்திரம் சொல்வதில்லை.

இதைவிடக் கடினமான விஷயம் முன்பணம். கலியாணத்திற்கோ வைத்தியச் செலவிற்கோ தகப்பனார் பெரிய தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவார். அது தீரும்வரை பிள்ளை அவருடைய தறியில் உட்காரும். கூலி வட்டிக்கே சரியாகிவிடும். அசல் அப்படியே நிற்கும். கொத்தடிமை முறை 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் ஸ்தாபனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில், பட்டுத் தொழிலில் முன்பணத்திற்குக் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது, காஞ்சீபுரத்தின் பெயரும் அதில் இடம்பெற்றது. அந்தப் பெயரை வெளிநாட்டார் புடவைக்காக மாத்திரம் அறிந்திருக்க வேண்டும் என்பது நம் ஆசை.

ஆகவே நம் ஊரில் பாடசாலைக்குப் போட்டியாக நிற்பது தறி. தறி பிள்ளைக்குச் சிறிது கூலி கொடுக்கும். பாடசாலையோ கேட்கத்தான் செய்யும், நேரத்தைக் கேட்கும், சுத்தமான துணியைக் கேட்கும், பென்சில் கேட்கும். ஏழைக் குடும்பத்தார் கணக்குப் போட்டுப் பார்த்தால் தறியே லாபம் என்று ஏற்படும். அந்தக் கணக்கைச் சிறிது மாற்றுவதற்கே பாடசாலையில் அடுப்பு வந்தது. வயிற்றுக்கு ஒரு வேளைச் சோறும் உடுத்த ஒரு துணியும் பாடசாலைப் பக்கம் சேர்ந்தால் தராசு சற்றுச் சாய்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த யுக்தி அன்று. 1920-இல் ஸர் பிட்டி தியாகராய செட்டியார் சென்னை நகரசபையின் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்கிலிருந்த நகரசபைப் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பகல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானமாயிற்று. பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக்கூடாது என்பது விதி. பிறகு இன்னும் சில பாடசாலைகளுக்கும் அது பரவிற்று. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய அப்போதைய சர்க்கார் அனுமதிக்க மறுத்ததால், 1925 ஏப்ரல் முதல் தேதியோடு அது நிறுத்தப்பட்டது. கணக்குப் பார்ப்பதே தொழிலாக உள்ள எனக்கு இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் ஒருவித வெட்கம் உண்டாகிறது. எந்த நிதி எந்தக் காரியத்திற்கு ஏற்பட்டதோ அதற்கே செலவாக வேண்டும் என்பதைத்தான் உங்கள் சங்கங்களிலும் நான் ஓயாமல் சொல்லி வருகிறேன். விதிப்படி ஆக்ஷேபம் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அன்று உண்மையில் தீர்மானிக்க வேண்டியிருந்த கேள்வி, பசித்த பிள்ளைக்குக் கொடுக்கும் சோறு கல்விச் செலவா, அல்லவா என்பதே. கரும்பலகை கல்விச் செலவானால், அதைப் பார்க்கக் கண் திறந்திருப்பதற்கு வேண்டிய சோறு எப்படி வேறு செலவாகும்? இரண்டு வருஷங்களுக்குப் பின் நகரசபையார் சிற்றுண்டியை மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

சீமையிலும் இதே வாதம் நடந்திருக்கிறது. அங்கே 1906-இல் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் அளித்து ஒரு சட்டம் செய்தார்கள். அதற்காகப் பவுன் ஒன்றுக்கு அரைப் பென்னி வரையில் வரி விதிக்கலாம் என்றும் ஏற்பாடு. பெற்றோரின் பொறுப்பு கெட்டுவிடும் என்று அங்கும் பலர் எதிர்த்தார்கள். மேற்படி சட்டத்தில் ஒரு பிரிவை நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் அந்த நாட்டில் ஏழைகளுக்கான தர்ம நிதியிலிருந்து உதவி பெற்றவன் வோட்டுரிமையை இழப்பான். பாடசாலையில் பிள்ளை சாப்பிட்டதற்காகத் தகப்பனுக்கு அந்த உரிமை போகாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதாவது, தர்மச் சோறு வேறு, பாடசாலைச் சோறு வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். பெரியவரின் மனத்திலிருந்த குறைவுக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. நம் நாட்டிலும் சத்துணவுப் பந்தியில் உட்காரும் பிள்ளையிடம், "உன் அப்பாவின் வருமானம் என்ன?" என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் சிறு வயதில் தட்டோடு அந்தப் பந்தியில் உட்கார்ந்தவன்தான். பக்கத்தில் உட்கார்ந்தவன் எந்தத் தெருப் பிள்ளை என்று அன்று யோசித்ததாக ஞாபகம் இல்லை; முட்டை வரும் நாள் எது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நிற்க. நமது மாகாணத்தில் இன்னொரு யோசனையும் ஒரு காலத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1953-இல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியாயிருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் மட்டும் படித்துவிட்டு, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ வேறு கைத்தொழிலையோ பழகலாம் என்ற திட்டம் வந்தது. அதிகப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இடம் கிடைக்கும், தொழிலும் கெடாது என்று அதை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். தகப்பன் தொழிலிலேயே மகனைக் கட்டிப்போடும் திட்டம் இது என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். பெரும் கிளர்ச்சிக்குப் பின், 1954-இல் ஸ்ரீ காமராஜ் பதவி ஏற்றதும் அது கைவிடப்பட்டது. நெசவாளர் ஊரில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இது: பெற்றோர் பாதி நாளைத் தறிக்கு விட்டால், புடவை அவசரமாக முடிய வேண்டிய மாதங்களில் தறி மற்றப் பாதியையும் கேட்கும். கலியாண மாதங்களுக்கு முன் வருகைப் பதிவேட்டைப் பார்த்த உபாத்தியாயர்கள் இதை மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அதற்குப் பின் எடுத்த வழி நேர் எதிரானது. பிள்ளை தறிக்குப் போகாமலிருக்கச் சோற்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார்கள். 1956-இல் எட்டயபுரத்தில் பகலுணவு தொடங்கிற்று. கல்வி இலாகாத் தலைவர் ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று அதைப் பரப்பினார். ஆரம்பத்தில் ஊரார் அரிசியும் காய்கறியும் விறகும் கொடுத்தே நடத்தினார்கள். பிறகே சர்க்கார் செலவில் பங்கு ஏற்றது. 1958-இல் நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடு கூடிற்று. ஊரார் தங்கள் பாடசாலைக்கு வேண்டிய சாமான்களைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். இதை ஐக்கிய சங்கத்தார் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பகலுணவு மேலிருந்து கீழே விழுந்த தானமாக ஆரம்பிக்கவில்லை. நம் சங்கங்களைப் போலவே, பங்கு போட்டு ஆரம்பித்த காரியம். 1982 ஜூலையில் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. 1989-இல் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் இந்தியா முழுவதும் ஆரம்பப் பாடசாலைகளில் சமைத்த உணவே கொடுக்க வேண்டுமென்று உத்தரவிட்டார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவும் தொடங்கி, அடுத்த வருஷம் மாகாணம் முழுவதும் பரவிற்று.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கும் திட்டம் 1985 முதல் நடக்கிறது. அந்தத் துணி நெசவாளர் ஐக்கிய சங்கங்களின் கைத்தறிகளிலும், விசைத்தறிச் சங்கங்களின் தறிகளிலும் நெய்யப்படுவது. காஞ்சீபுரத்துப் பட்டுத் தறிக்கு அதில் பங்கு இல்லை என்பது உண்மை. ஆயினும் பருத்தித் தறிக்காரர்களான நம் சகோதரர்களுக்கு அது வருஷா வருஷம் நிச்சயமான வேலை. பிள்ளைக்குத் துணி கொடுத்தது தானம் என்று சொல்பவர்கள், அதே துணியை நெய்ததற்கு ஒரு நெசவாளி கூலி பெற்றதையும் சேர்த்துக் கணக்கில் எழுத வேண்டும்.

இனி உபாத்தியாயரின் நேரத்தைப் பற்றிய ஆக்ஷேபம். இதில் பெரியவரின் பக்கம் நியாயம் இருக்கிறது. சத்துணவுக்கு அமைப்பாளர், சமையற்காரர், உதவியாளர் என்று தனி உத்தியோகஸ்தர்கள் உண்டு. ஆனாலும் துணி வினியோகம், புஸ்தக வினியோகம், பற்பல பதிவேடுகள் எல்லாம் உபாத்தியாயர் தலையில்தான் வந்து விழுகின்றன. நான் போயிருந்த ஒரு பாடசாலையில், ஊர் பெயரைச் சொல்லவில்லை, தலைமை உபாத்தியாயர் காலை முழுவதும் செருப்பு அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அரிசிக்கு இருப்புப் புஸ்தகம் இருக்கிறது, முட்டைக்குக் கணக்கு இருக்கிறது. பிள்ளை இந்த மாதம் எத்தனை கூட்டல் கணக்கைச் சரியாகப் போட்டது என்பதை ஊரார் ஒருவரும் கேட்பதில்லை. சோறு பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துவரும்; உட்கார்ந்த பிள்ளைக்குப் பாடம் வருகிறதா என்று பார்ப்பது வேறு வேலை. முதல் வேலை நடந்துவிட்டதால் இரண்டாவதும் நடந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அதைப் பார்க்க வேண்டியவர்கள் யார்? 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி ஒவ்வொரு சர்க்கார் பாடசாலைக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். அங்கத்தினர்களில் பாதிப் பேர் ஸ்திரீகள். சங்கத்தின் மகாசபைக்குக் கோரம் சேர்க்கப் பாடுபடும் நமக்கு, இந்தக் குழுக்கூட்டத்தில் பெற்றோர் எத்தனை பேர் போய் உட்காருகிறார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இன்னொன்று, சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்கிறது. ஆனால் பாடசாலை நேரம் போக, விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பெற்றோருக்கு உதவலாம் என்று விட்டிருக்கிறது. வீட்டுத் தறி இந்தச் சந்தில் சுலபமாக நுழையக்கூடியது. இராத்திரி பத்து மணி வரை தார் சுற்றிய பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கினால், எந்தச் சத்துணவும் அதை எழுப்பாது. இதைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வரமுடியாது. வீட்டிலுள்ளவர்களே பார்க்க வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது முன்பணத்தைப் பற்றியது. பிள்ளையைத் தறியில் கட்டுவது பசி மாத்திரம் அன்று, கடனும்தான். பாடசாலை பசியைப் பார்த்துக்கொள்கிறது. கடனை அது பார்க்க முடியாது. நியாயமான வட்டிக்கு, உரிய காலத்தில், சங்கக் கடன் கிடைத்தால் அங்கத்தினர் பெரிய தறிக்காரரிடம் போகவேண்டிய அவசியம் குறையும். கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது, மனுதாரரின் வீட்டில் பாடசாலைக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று பஞ்சாயத்தார் ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளலாமென்று நான் சொன்னேன். கடனை மறுப்பதற்காக அல்ல. எந்த வீட்டில் பிள்ளை நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்வதற்காக. இதற்கு விதியில் தடை எதுவும் எனக்குத் தெரிந்தவரையில் இல்லை.

கேள்வி கேட்ட பெரியவர், கூட்டம் கலைந்தபின் வாசலில் நின்று, தம் பேரன் ஐந்தாம் வகுப்பில் இருப்பதாகவும், அவனுக்கு வாசிக்க வருகிறதா என்று தாம் இதுவரையில் கேட்டதில்லை என்றும் சொன்னார். அன்று மாலையே கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மகாசபை நிகழ்ச்சி நிரலில், கடன் மனு நமூனாவில் மேற்படி கேள்வியைச் சேர்ப்பது ஏழாவது விஷயமாகப் போடப்பட்டிருக்கிறது. அங்கத்தினர்கள் தவறாமல் வரக் கோருகிறேன்.